பதின்மூன்று அடி ஆதி மனிதனும் கொம்பறுக்கும் ரம்பமும்

போன மாதம் எங்கள் கால்நடை இலாகாவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் வாலாஜாபாத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கொடுத்த காபி ஆறும் முன்பே ஒருவர் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு பள்ளத்துக்குள் மனித எலும்புக்கூடு ஒன்று மல்லாந்து கிடக்கிறது. பக்கத்தில் நிற்கும் ஆள் அதன் கைவிரல் நீளம்கூட இல்லை. “ஆதி மனுஷன் இப்படித்தான் இருந்தானாம் சார். வெளியில தெரியாம மறைச்சிட்டாங்களாம். நிஜமா?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவனை எனக்குத் தெரியாதுப்பா. இவன் சித்தப்பன் ஒருத்தன் உத்திரமேரூர் பக்கம் கிடைச்சான். அவனைக் கொம்பறுக்கிற ரம்பத்தால அறுத்தது நான்தான்” என்றேன். அப்புறம் அவர்கள் எழுந்திருக்கவே இல்லை. கேட்டு முடித்ததும், எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுவதில் எனக்கொன்றும் கூச்சம் கிடையாது. என் உத்தியோகத்தில் நான் ஒழுங்காகச் செய்த காரியங்களைப் பட்டியல் போட்டால் இதைத்தான் முதலில் வைப்பேன்.

என் அப்பா வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் பாதிரியார் ஒருவர் சொல்லி, மெட்ராஸில் கால்நடை பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஊசி போட, மருந்து புகட்ட, கட்டுக் கட்ட அங்கே கற்றேன். மத்தியான வேளைகளில் எலும்பு அறையிலேயே கிடந்தேன். படிப்பின் மேல் ஆசை என்று எண்ண வேண்டாம், அந்தக் கட்டடத்தில் வெயில் படாத அறை அது ஒன்றுதான். ஆனாலும் குதிரை, மாடு, ஒட்டகம், யானை என்று எல்லா எலும்பும் கண்ணில் பட்டுப் பட்டு மனதில் பதிந்துவிட்டன. பிறகு உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரியில் ஸ்டாக்மேன் கம்பவுண்டர் வேலை. ஊருக்கு நான் ‘மாட்டு கம்பவுண்டர்’. அறுபதுகளின் தொடக்கம் அது. அப்போது நாங்கள் செங்கற்பட்டு ஜில்லா.

என் மேலதிகாரி டாக்டர் தாமோதரன். ஒல்லியான மனிதர். வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு இருக்கும். குரல் உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கை கழுவப் போய்விடுவார். குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நீண்டுகொண்டே போனால் நான் மருந்து அலமாரியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். கேஸ் நோட்டில் பக்கத்தின் நடுவே அவரே அடிக்கோல் வைத்து ஒரு கோடு போடுவார். இடது பக்கம் ‘கண்டது’. வலது பக்கம் ‘கருதுவது’. இடது பக்கம் நான் எழுதலாம். வலது பக்கம் அவருடைய சொத்து, என் பேனா அந்தப் பக்கம் சாயக்கூடக் கூடாது.

ஒருமுறை பாலில் ரத்தம் வருகிறது என்று ஒருவர் பசுவை ஓட்டி வந்தார். சாரைப்பாம்பு காலைச் சுற்றிக்கொண்டு பால் குடித்துவிட்டதாம். எனக்குப் படித்த திமிர். ‘பாம்பு பால் குடிக்கவில்லை’ என்று இடது பக்கம் எழுதி வைத்தேன். டாக்டர் படித்தார், கை கழுவப் போனார். திரும்பி வந்து, “பாம்பு குடிச்சதைப் பார்த்தியா?” என்றார். இல்லை என்றேன். “குடிக்காததைப் பார்த்தியா?” அதற்கும் இல்லைதான். “அப்ப எதைப் பார்த்தே, அதை எழுது.” பின்பக்க இடது காம்பில் வீக்கம், தொட்டால் சூடு, பாலில் திரி. எழுதினேன். இதில் என்ன பெரிய வித்தை என்று அன்றைக்கு உள்ளுக்குள் முணுமுணுத்தேன்.

இனி ஆதி மனிதன். ஊர்ப் பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏரிக்கரையை ஒட்டி ஒரு மேடு, மேட்டில் பதினோரு குடிசை. எல்லோரும் சொந்தமாக ஒரு சாண் நிலமில்லாத கூலிக் குடும்பங்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் துரைசாமியின் புதுக் கிணறு. ஊர் நஞ்சையில் பாதி அவருடையது. ‘பெரிய வீடு’ என்றால் அவர் வீடுதான். கிணற்றுக்குப் புதிதாக பம்புசெட் வைத்திருந்தார். தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்க இந்த மேடு குறுக்கே நின்றது. காலி பண்ணச் சொல்லி நயமாகவும் பயமாகவும் கேட்டுப் பார்த்துவிட்டார், யாரும் அசையவில்லை.

மேட்டில் அஞ்சலை என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். அவள் புருஷன் முனியன் வயல் கூலி, ஊர் சுடுகாட்டு வேலையும் அவனுடையது. அந்தக் கோடையில் குடிசைக்குப் பின்னால் பந்தல்கால் நட அவன் குழி தோண்டியபோது பெரிய எலும்பு ஒன்று தட்டுப்பட்டது. மேட்டுக்காரர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. துரைசாமியின் அப்பா காலத்தில் பெரிய வீட்டில் ஒரு பெண் யானை இருந்தது. அது செத்தபோது புதைத்தவர்கள் முனியனின் அப்பாவும் அவருடைய பங்காளிகளும். யானையைப் புதைத்த இடத்தில் ஏர் ஓட்டக்கூடாது என்று, புதைத்தவர்களையே அங்கே குடியிருக்கச் சொல்லிவிட்டார் அந்தப் பெரியவர். காகிதம் கிடையாது, வாய்ச்சொல்தான். அவர்களுக்கு அந்த எலும்புதான் பத்திரம்.

ஆனால் துரைசாமி வேறு சொன்னார். அந்த யானை பழையசீவரம் திருவிழாவுக்குப் போன இடத்தில் செத்தது, பாலாற்று ஓரமாகவே புதைத்தாயிற்று என்றார். விஷயம் தெரிந்த கிழவர்கள் ஊரில் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். கேட்டால் தரையைப் பார்த்தார்கள்.

எலும்புச் செய்தி காஞ்சிபுரம் வரைக்கும் போய், ஏகாம்பரம் மாஸ்டர் பஸ் ஏறி வந்துவிட்டார். ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். மனிதன் வேறு எங்கோ குரங்காக இருந்து இங்கே வந்து சேரவில்லை, முதன்முதலில் பாலாற்றங்கரையில்தான் பிறந்தான், ராட்சசனாகப் பிறந்து தலைமுறைக்குத் தலைமுறை குறுகிப் போனான் என்பது அவர் கட்சி. இருபது வருஷமாகச் சொந்தச் செலவில் துண்டுப் பிரசுரம் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துக் காடுகளில் வட்டமாக நட்டு வைத்த பெரிய பெரிய கற்கள் உண்டு, மண்ணுக்குள் முதுமக்கள் தாழிகளும் உண்டு. “அந்தக் கல்லைத் தூக்கி நட்டவன் பதின்மூன்று அடி. தாழிக்குள் அடங்கிப்போனவன் மூன்று அடி. இடையில் எத்தனை லட்சம் வருஷம் என்று நீங்களே யோசியுங்கள்” என்பார்.

இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று வைத்திருந்தார். தொடை எலும்பைப் போல நாலு பங்கு மனிதனின் உயரம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரிதான், தப்பே இல்லை. மேட்டில் கிடைத்த தொடை எலும்பு மூணே கால் அடி. நாலால் பெருக்கினால் பதின்மூன்று. மறுநாளே பனைமரத்துக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் நிற்பதாகப் பெரிய சார்ட் வரைந்து எடுத்து வந்தார். என்ன கம்பீரம்! மறைப்பானேன், எனக்கும் அது நிஜமாக இருக்கக்கூடாதா என்று ஆசையாக இருந்தது. பிழைக்க வந்த கூட்டம் என்று நம்மைச் சொல்கிறவர்களுக்கு நடுவே, நம்ம ஊர் ஏரிக்கரையில்தான் மனித குலமே எழுந்து நின்றது என்றால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? மாஸ்டர் நல்லவர். அவரைப் பற்றிக்கொண்டவர்தான் சரியில்லை.

துரைசாமி எலும்பைக் கழுவிச் சந்தனம் பூசி, மஞ்சள் துணி சுற்றி மாலை போட்டார். ஆதி மனிதனுக்கு மண்டபம் கட்ட வேண்டும், மேட்டிலுள்ள குடிசைகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று தாசில்தாருக்கு மனு போனது. இது மனித எலும்புதானா என்று தெரியவேண்டுமே? பெரியாஸ்பத்திரி டாக்டர், “நான் உயிரோட இருக்கறவங்களைப் பார்க்கறதுக்கே நேரமில்லை” என்று கழன்றுகொண்டார். மேட்டுக்காரர்கள் யானை என்கிறார்களே, மாட்டாஸ்பத்திரி பார்க்கட்டும் என்று தாகீது எங்களுக்கு வந்தது. டாக்டர் தாமோதரன் வெக்கை நோய் தடுப்பூசிக்காக வேறு தாலுகாவில் முகாமில் இருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்தது நான் ஒருத்தன்தான்.

தாசில்தார் வருவதற்கு முதல் நாள் அஞ்சலை ஒரு வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஆட்டுக்கு ஒரு சீக்கும் இல்லை.

“இன்னா ஆட்டுக்கு?” என்றேன்.

“ஆட்டுக்கு ஒண்ணும் இல்ல சார். எங்களுக்குத்தான். அது ஆனை சார். எங்க மாமனாரு குழி வெட்டுனது. ஆனைன்னா எங்க எடம். மன்ஷன்னு நீ எயுதிக் குட்துட்டீன்னா நாளிக்கே வூட்ட பிரிச்சிப் போட்ருவாங்க. பதினோரு வூடு சார். புள்ளக்குட்டிய இஸ்துக்கினு எங்க போறது?”

“ஆனைன்னா தந்தம் எங்கன்னு துரைசாமி கேக்கறாராமே?”

“பொட்டை ஆனைக்கு ஏது சார் தந்தம்? அது தெரியாமயா கேக்கறாரு அந்த ஆளு?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. என் அப்பா வாழ்ந்ததும் இப்படி ஒரு பத்திரமில்லாத இடத்தில்தான். ஆனால் முடிவு எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இல்லை. இரவெல்லாம் புரண்டு, காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். நான் எதையும் சொல்லப் போவதில்லை. வந்தவர்கள் கண்ணாலேயே பார்க்கும்படி செய்துவிட வேண்டியதுதான். சைக்கிள் கேரியரில் கொம்பறுக்கும் ரம்பம், ஸ்பிரிட் விளக்கு, இடுக்கி, சோப்பு எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஊரே மேட்டில் நின்றது. தாசில்தாருக்கு நாற்காலி, துரைசாமிக்கு இன்னொரு நாற்காலி. நான் முதலில் தண்ணீர் கேட்டேன். சந்தனத்தைக் கழுவினதும் துரைசாமிக்கு முகம் சுருங்கியது. ரம்பத்தை எடுத்ததும் எழுந்தே விட்டார்.

“இன்னாய்யா இது? சாமியாட்டம் வெச்சிக்கினு கீறோம், மாட்டுக் கொம்பு அறுக்கறத வெச்சி அறுக்கறியா?”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தாசில்தார் தயங்கினார். அப்போது முன்னால் வந்தவர் ஏகாம்பரம் மாஸ்டர்தான். “அறுக்கட்டும் ஐயா. உண்மையாக இருந்தால் ரம்பம் அதை என்ன செய்துவிடும்?” என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எலும்பின் ஒரு முனையைத் தானே அழுத்திப் பிடித்தார். அவர் பிடித்துக்கொண்டிருக்க நான் அறுத்தேன். இப்போது நினைத்தாலும் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை பொங்குகிறது.

எலும்பு இரண்டாக விழுந்ததும் அறுபட்ட முகத்தைத் தாசில்தாரிடம் காட்டினேன். “உள்ளே என்ன தெரியுதுங்க?” பொறை ரொட்டியை உடைத்தது போல நடுவரைக்கும் பொடிப் பொடிக் கண்ணறைகள். துவாரமே இல்லை. ஆட்டு நல்லியை உறிஞ்சித் தின்றவர்கள் எல்லோருக்கும் எலும்பின் நடுவே குழல் இருப்பது தெரியும். “மனுஷ எலும்பில் எப்படி?” என்று தாசில்தார் கேட்டார். அதைச் சொல்லத் தகுந்த ஆள் அங்கே ஒருத்தன்தான். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற முனியனைக் கைகாட்டினேன்.

“ஓட்ட கீது சாமி” என்றான் முனியன், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. “வெந்து வெடிச்சா உள்ள குழலு தெரியும். எத்தினி பேர எரிச்சிக்கீறேன். இந்த மாதிரி ஒண்ணு நான் பாத்ததில்ல.”

தாசில்தார் தலையாட்டினார். எனக்குப் பாதிக் கிணறு தாண்டிய தெம்பு. ஆனால் துரைசாமி லேசுப்பட்டவரா? “பதிமூணு அடி மன்ஷனும் நம்மளும் ஒண்ணா? அந்தக் காலத்து எலும்பு அப்பிடித்தான் கெட்டியா இருக்கும்” என்றார். மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. ராட்சசனின் தொடைக்குள் எப்படி இருக்கும் என்று நானும்தான் பார்த்ததில்லை.

இன்னும் ஒரு எலும்பு வேண்டும். அதுவும் மறுப்பே சொல்ல முடியாத எலும்பாக இருக்க வேண்டும். யானையென்றால் பல். குழியில் எலும்பு எந்த வாக்கில் கிடந்தது என்று முனியனிடம் கேட்டேன். உருண்டை முனை எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் இடுப்பு. இடுப்பிலிருந்து உடம்பு எந்தப் பக்கம் நீளுமோ அங்கே தலை. ஒருக்களித்துக் கிடந்த யானையானால் தொடையும் தலையும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்கும். எட்டு அடி அளந்தேன். அளவு நேராக அஞ்சலையின் குடிசைக்குள் போய், அவள் அடுப்பில் முடிந்தது.

எந்த வீட்டைக் காப்பாற்ற வந்தேனோ அதையே பிரிக்கச் சொல்வதா? தோண்டி ஒன்றும் கிடைக்காவிட்டால்? அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போனாள். பானைகளை ஒவ்வொன்றாக வெளியில் வைத்தாள். அடுப்பைக் கடப்பாரையால் நெம்பினாள். “இன்னா பாத்துக்கினு நிக்கிற? கீத்த இஸ்து” என்று புருஷனை அதட்டினாள். கால் மணி நேரத்தில் குடிசை இருந்த இடத்தில் நாலு கழிகள்தான் நின்றன.

முனியன் தோண்டினான். முழங்கால் ஆழம் போயிற்று. இடுப்பு ஆழமும் போயிற்று. துரைசாமி வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார். நான் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடப்பாரை ‘ணங்’கென்றது. கையால் மண்ணை வழித்தால் தாடை. தாடைக்குள் உளி வைத்து அம்மி கொத்தின மாதிரி வரிவரியாக ஒரு கடைவாய்ப் பல். ஒரு பல்தான், செங்கல் கனம். அதைக் கழுவி மாஸ்டர் கையில் கொடுத்தேன். வரிகளை விரலால் தடவினார், எண்ணினார். இடுப்புக் கயிற்றை அவிழ்க்கவே இல்லை. “தழை அரைக்கிற பல்” என்றார் மெதுவாக. பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். துரைசாமி எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார். “ஆனைதான்! ஆனமொகத்தானே வந்து எறங்கிக்கீறாரு! இங்கதான் புள்ளையாருக்குக் கோயிலு கட்டணும்!” கூட்டம் அப்படியே கும்பிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தாசில்தார்கூடச் செருப்பைக் கழற்றினார். மண்டபத்துக்காவது அவர் யோசித்திருப்பார். பிள்ளையார் கோயில் என்றால் யார் மறுப்பது? என் கெட்டிக்காரத்தனத்தால் அஞ்சலை தன் வீட்டையே பிரித்துப்போட்டாள், இப்போது மேடே போகப்போகிறது. என் வாழ்க்கையில் அந்த நிமிஷம் போல நான் எப்போதும் வெறுத்துப்போனதில்லை.

இருந்தாலும் ஸ்பிரிட் விளக்கு மிச்சம் இருந்தது. அறுத்த இடத்தில் சிராய் ஒன்று பெயர்த்து, இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டினேன். முடி பொசுங்கும் நாற்றம் குப்பென்று அடித்தது. தாசில்தார் மூக்கைப் பொத்தினார். “யுகக்கணக்கான எலும்பு கல்லாகிப்போயிருக்குங்க, நாறாது. இதுல பசை இன்னும் காயலை” என்றேன்.

தாசில்தார் துரைசாமி பக்கம் திரும்பினார். “அப்ப புராணகாலத்து யானை இல்லை. உங்க வீட்டு யானையா?”

“அது பழையசீவரத்துல பொதைச்சது சார். எத்தினி வாட்டி சொல்றது” என்றார் துரைசாமி, அசையாமல். கிழவர்கள் தரையைப் பார்த்தார்கள். என் கையில் வேறு சாமான் இல்லை.

அஞ்சலை குழியைத் தாண்டி முன்னால் வந்தாள்.

“எதுக்கு ஆண்டே மறைக்கிறீங்க? உங்க நைனா அந்த ஆனைக்குத் தீனி போடாம, சங்கிலில கட்டிவெச்சி, பட்டினி போட்டே சாவடிச்சாரு. வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு இங்க பொதைச்சிட்டு, ஆத்துல பொதைச்சதா கதை கட்டிக்கினு கீறீங்க.”

துரைசாமி நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. “யாரப் பாத்து இன்னாடி சொன்ன? எங்கப்பாவா பட்டினி போட்டாரு? வயிறு உப்பிக்கினு அது சாஞ்சப்ப, இதே மேட்டுல, நாலு நாளு, பச்சத்தண்ணி பல்லுல படாம அதும் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தாருடி எங்கப்பா! நான் பாத்தேன்டி! குழில மண்ணு தள்ளச்சொல்ல அவரு அயுத அயுகை எனக்குத் தெரியும்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது. ஐம்பது வயது மனிதரின் கண் கலங்கியிருந்தது. யாரும் அவரைப் பார்க்கவில்லை. தாசில்தார் பேனாவைத் திறந்து, “இதே மேட்டுல, நாலு நாள்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். துரைசாமி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே நடந்தார். அவருக்காகவும் என் மனசு கொஞ்சம் கஷ்டப்பட்டது.

மனு தள்ளுபடியானது. சில வருஷங்கள் இழுத்தடித்தாலும், பதினோரு வீட்டுக்கும் பட்டா வந்தது. பம்புசெட் வாய்க்கால் மேட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று, அதனால் ஒரு வயலும் காயவில்லை. முகாம் முடிந்து வந்த டாக்டர் தாமோதரன் நான் எழுதி வைத்ததைப் படித்தார். கை கழுவப் போகவில்லை. வலது பக்கம் ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் அந்தப் பல்லை அச்சு அசலாக வரைந்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார். அடுத்த பிரசுரத்தில் ராட்சசர்கள் இன்னும் கொஞ்சம் தெற்கே தள்ளிப் போயிருந்தார்கள்.

பல் கிடைத்த அன்று சாயங்காலம், கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, முனியன் குழியை மூடிக்கொண்டிருந்தான். மாஸ்டரும் நானும் கழி பிடிக்க, குடிசை மறுபடி எழுந்தது. அஞ்சலை மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. “அந்தப் பெரியவர் யானையைப் பட்டினி போட்டார்னு உன் மாமனாரா சொன்னார்?” என்று கேட்டேன்.

அவள் ஊதுவதை நிறுத்தவில்லை. புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“அய்யோ, அவரு எங்க சார் அப்பிடி சொன்னாரு? அந்தப் பெரியவரு அயுதத சொல்லிச் சொல்லி எங்க மாமனாரே அயுவாரு. அப்பன திட்டுனாத்தான சார் புள்ளைக்கு வாயி தெறக்கும்.”